மெட்டில் விழுந்த முழங்கை

திருட்டுப் போன பொருளின் நீளம் ஒரு நிமிடம். எடை கிடையாது, நிறம் கிடையாது, பீரோவில் வைத்துப் பூட்டவும் முடியாது. போனது ஒரு மெட்டு.

"இதை எப்படிக்கா தேடறது? கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தா கிடைக்குமா?" என்று காலிங் பெல்லை அழுத்தும்போதே ஆரம்பித்துவிட்டான் ஒத்து.

"வாயை மூடிக்கிட்டுக் காதால தேடணும். உனக்குக் கஷ்டம்தான்," என்றாள் துருவி.

இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர்கள் உண்டு. யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். அவள் இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹால்களில் கண்காணிப்பாளராக நின்றவள். துருவித் துருவிக் கேட்டே சட்டைக் கைக்குள்ளிருந்தும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்தும் பிட்டுகளை வெளியே எடுத்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். சொன்னதற்கெல்லாம் ஒத்து ஊதுவான் என்று நம்பி இவனை வேலைக்குச் சேர்த்தாள். அந்த நம்பிக்கை முதல் நாள் மத்தியானமே போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கதவைத் திறந்தவர் இசையமைப்பாளர். விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுகிறவர். கண் சிவந்திருந்தது, தாடி ஒரு பக்கம் மட்டும் வாரியிருந்தது.

"மணி மூணே முக்கால். அஞ்சு மணிக்கு நான் லெட்டரை அனுப்பிடுவேன். அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிச்சா பார்க்கலாம். கூப்பிட்டது நான் இல்ல, என் வீட்டுக்காரி," என்றார்.

அந்த வீட்டுக்காரி, தொழிலில் பல் டாக்டர், ஹால் நடுவில் ஒரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் அவளுடைய தம்பி நின்றிருந்தான். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை, போன மாதம்தான் தலைமை ஒலிப்பதிவாளர் ஆக்கியிருக்கிறார்கள். காலையிலிருந்து சாப்பிடாத முகம். மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது. ஒத்து நைஸாக எட்டிப் பார்த்தான். ஒலிப்பதிவாளர் சங்கத்துக்கு எழுதிய கடிதம். 'என் சொந்த மச்சானே என் மெட்டைத் திருடி விற்றுவிட்டான் என்பதை வேதனையுடன்...' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு ஓடியது. இது போய்ச் சேர்ந்தால் அந்த ஆள் இனி எந்த மைக்குக்கு முன்னாலும் உட்கார முடியாது.

"லெட்டர் போன நிமிஷம் நானும் போறேன். என் தம்பி திருடன்னா நான் திருடனோட அக்கா. திருடனோட அக்கா இவருக்கு எதுக்கு?" என்றாள் பல் டாக்டர்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் துருவி.

"ரெண்டே வரியில சொல்றேன்," என்று இசையமைப்பாளர் பன்னிரண்டு நிமிடம் சொன்னார். நாம் சுருக்கமாக முடித்துக்கொள்வோம்.

சத்தமே போடாத மின்விசிறி என்று ஒன்று சந்தைக்கு வருகிறது. அதற்கு ஒரு நிமிட மெட்டு வேண்டுமென்று கம்பெனி ஒரு போட்டி வைத்தது. யார் வேண்டுமானாலும் பாடலாம், முனகலாம், விசிலடிக்கலாம், போனில் பதிந்து அனுப்பினால் போதும். இசையமைப்பாளர் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார். போன திங்கட்கிழமை காலை மச்சான் ஒலிப்பதிவுக்கூடத்தில் மெட்டைச் சீர்செய்து முடித்து, இசைச் செயலியில் அத்தானுடைய அலமாரியில் ஏற்றினான். அந்த அலமாரியைத் திறக்க இவர்கள் இருவரால்தான் முடியும். பதினொரு மணிக்கு இவர் அதை வீட்டு ஹாலில் ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டார். திருப்தி. புதன்கிழமை அனுப்பினார். இன்று காலை ரேடியோவில் பரிசு மெட்டை ஒலிபரப்பினார்கள். இவருடைய மெட்டு, யாரோ விசிலில். அனுப்பியவர் புனைபெயர் 'தொண்ணூறாவது நிமிடம்'. அதுவும் திங்கட்கிழமை சாயங்காலமே அனுப்பியாகிவிட்டது.

"அதோட விடல. எனக்கு என்ன பதில் போட்டிருக்காங்க பாருங்க!" என்று போனை நீட்டினார்.

ஒத்து உரக்கப் படித்தான். "'தங்கள் மெட்டு எமக்கு முன்பே வந்த மெட்டின் நகலாக இருப்பதால் நிராகரிக்கிறோம். மேலும், மூல மெட்டின் சிறப்பே நடுவில் வரும் மௌனம்தான். எங்கள் விசிறியின் குணத்தை அது ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிடுகிறது. தாங்கள் அந்த மௌனத்தை நிரப்பிக் கெடுத்திருக்கிறீர்கள்.' அடேங்கப்பா! உங்க மெட்டைப் பார்த்து நீங்களே காப்பி அடிச்சு, அதையும் ஒழுங்கா அடிக்கலன்னு சொல்றாங்க சார்."

"ஒத்து," என்றாள் துருவி.

"சரிக்கா."

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை அவன் கவனித்தான். பரீட்சை ஹாலில் மூன்றாம் வரிசை மாணவன் கொஞ்சம் அதிகமாக இருமினால் வருகிற வெளிச்சம் அது.

"ரேடியோவுல வந்ததைப் பதிஞ்சு வெச்சிருக்கீங்களா?"

பல் டாக்டர் தன் போனை எடுத்தாள். இசையமைப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். "எனக்கு வேண்டாம். அது நசுக்கின சத்தம். நான் லாஸ்லெஸ் தவிர எதையும் கேக்கறதில்ல."

"லாஸே இல்லாத தொழிலா? அக்கா, நாமளும் அதுக்கு மாறிடலாம்."

"தொழில் இல்லைங்க. பாட்டைச் சுருக்காம, ஒரு துளி சிந்தாம, பதிஞ்சது பதிஞ்சபடியே வீட்டுக்குக் கொண்டு வர்றது," என்று ஜன்னலோரத்திலிருந்து மச்சான் தணிந்த குரலில் சொன்னான். "பாடறவர் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்கும். அத்தானுக்கு ஒரு இழை குறைஞ்சாலும் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுடும்," என்றார் அத்தான், மச்சான் மேல் இருந்த கோபத்தையும் மறந்து. "என் காதை ஏமாத்த முடியாது."

போனில் விசில் தொடங்கியது. நன்றாகவே இருந்தது. துள்ளிக் குதித்து ஓடிய மெட்டு, பாதியில் சட்டென்று நின்றது. ஒத்து போனில் சார்ஜ் போய்விட்டது என்று நினைத்து அதைக் கையில் வாங்கி உதறினான். துருவி விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது விரல் மடங்கியதும் விசில் மறுபடி வந்து, எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் முடிந்தது.

"இப்ப உங்களுது."

இசையமைப்பாளர் போனைத் தட்டினார். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி அளவில் ஒயரே இல்லாமல் நின்ற ஸ்பீக்கர்களிலிருந்து அதே மெட்டு வந்தது. தபேலா வாசித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. பாதியில் விசில் நின்ற இடத்தில் இங்கே புல்லாங்குழல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் இந்த மெட்டுக்கே உயிர்," என்றார்.

"உயிரை மட்டும் விட்டுட்டு உடம்பைத் திருடியிருக்கான்," என்றான் ஒத்து.

"அதான் விஷயமே!" துருவி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இருபத்திரண்டு வருஷம் காப்பி அடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். சரியான விடையை வெச்சு யாரையும் பிடிக்க முடியாது. சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கத்துல இருக்கறவனோட முழங்கை பேப்பர்ல ஒரு இடத்தை மறைச்சிருக்கும் பாருங்க, அந்த இடத்துல காப்பி அடிக்கிறவன் காலியா விட்டுடுவான். அவன் எங்க உட்கார்ந்து எட்டிப் பார்த்தான்னு அந்தக் காலி இடம் சொல்லிடும். உங்க மச்சான் கையில முழு மெட்டும் இருந்துச்சு. அவர் திருடியிருந்தா ஓட்டை எதுக்கு? இதைத் திருடினவனுக்கு அந்தப் பத்து விநாடி கேக்கவே இல்ல. மெட்டு மேல எதுவோ ஒரு முழங்கை விழுந்திருக்கு."

பல் டாக்டர் சூட்கேஸிலிருந்து எழுந்தாள். இசையமைப்பாளர் விடவில்லை.

"அவன் கெட்டிக்காரன் மேடம். மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே வெட்டியிருப்பான்."

"அத்தான்." மச்சான் முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். "வெட்டறதா இருந்தாலும் அந்த இடத்தையா வெட்டுவேன்? அந்தப் புல்லாங்குழலுக்காக மூணு நாள் உங்களோட தூங்காம உட்கார்ந்தேனே. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஆனா அதை நான் வெட்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

துருவி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது.

"அன்னைக்குப் பதினோரு மணிக்கு வீட்ல யார் யார் இருந்தீங்க?"

"நான் மட்டும்தான். இவ கிளினிக்ல. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு. வீட்ல யாருமே இல்ல."

'வீட்டில் யாருமே இல்லை' என்று ஒத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். அவன் கையெழுத்தே அந்த வாக்கியத்தைச் சந்தேகப்பட்டதுபோல் கோணியது.

"சரி. அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதை ஒண்ணு விடாம இப்ப செய்யுங்க. மத்தவங்க யாரும் போனைத் தொடக்கூடாது."

இசையமைப்பாளர் சோபாவில் உட்கார்ந்து செயலியைத் திறந்தார். பாட்டைத் தேர்ந்தெடுத்தார். 'எங்கே ஒலிக்க வேண்டும்?' என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. துருவி ஒரு பக்கத்திலிருந்தும் ஒத்து மறு பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டூடியோ அறை. பெட்ரூம். ஹால். ஹால். அவர் இரண்டு ஹாலையும் தட்டினார், டிக், டிக்.

"நில்லுங்க," என்றாள் துருவி. "ஏன் ரெண்டு?"

"ரெண்டு ஸ்பீக்கர் இருக்கே. ஒண்ணு இடது, ஒண்ணு வலது."

"அத்தான்..." மச்சான் ஜன்னலை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். "ஜோடி ஸ்பீக்கரை நான் ஒண்ணா சேர்த்துட்டேனே. ரெண்டும் ஒரே பேர்லதான் வரும். லிஸ்ட்ல ஒரு ஹால்தான் இருக்கணும்."

"அப்போ இன்னொரு ஹால் எது?" என்றார் இசையமைப்பாளர்.

அந்த வீட்டில் ஹால் ஒன்றுதான். அதில்தான் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"முதல் ஹாலை எடுத்துட்டு ரெண்டாவது ஹாலை மட்டும் போடுங்க," என்றாள் துருவி.

போட்டார். ஹால் ஸ்பீக்கர்கள் மௌனமாகிவிட்டன. போனில் மட்டும் பாட்டு ஓடுவதற்கு அடையாளமாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டே போனது. எங்கேயோ ஒலிக்கிறது. எங்கே? சத்தமே இல்லை. ஒத்து சமையலறைக்கு ஓடி பிரிட்ஜைத் திறந்து பார்த்தான். பெட்ரூமில் தலையணைக்கடியில் பார்த்தான். குளியலறை வாளிக்குள் காதை விட்டுக் கேட்டான். திரும்பி வந்து, "அக்கா, பாடுது, ஆனா யாருக்கும் கேக்கல. ஒரு வேளை ஆவியா?" என்றான்.

"ஆவியும் லாஸ்லெஸ்தான் கேக்குமா?"

"உசிரே போனவங்களுக்கு இனிமே லாஸ் என்னக்கா இருக்கு?"

மெட்டு முடிந்ததும் இசையமைப்பாளர் அதை மறுபடி போட்டார். அப்போதுதான் மாடியிலிருந்து விசில் சத்தம் வந்தது. அதே மெட்டு. துள்ளிக் குதித்து ஓடி, பாதியில் நிற்காமல், தடுமாறித் தடுமாறிப் படியிறங்கி...

இசையமைப்பாளர் தாடியைப் பிடித்தபடியே எழுந்துவிட்டார். "திருடன் மேல இருக்கான்!"

"மேல அப்பா இருக்கார்," என்றாள் பல் டாக்டர்.

துருவி மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். "வீட்ல யாருமே இல்லன்னு சொன்னீங்களே சார்?"

"மாமாவா? மாமாவுக்குக் காது கேக்காதே! அவரை எப்படிங்க கணக்குல சேர்க்கறது?"

ஐந்து பேரும் படியேறினார்கள். மாடியறையில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் காற்றில் தாளம் போட்டபடி விசிலடித்துக்கொண்டிருந்தார். எதிரே டிவி அணைந்து கிடந்தது. சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் இளவயதுப் பெரியவர் கறுப்பு அரைக்கால் சட்டையும் கழுத்தில் தொங்கும் ஊதலுமாகக் கால்பந்து மைதானத்தில் நின்று யாரையோ வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ரிடையர்டு ரெஃப்ரீ.

"தொண்ணூறாவது நிமிடம்!" என்று கத்திவிட்டான் ஒத்து. "கால்பந்து ஆட்டம் முடியற நேரம்!"

"ஷ்!" பெரியவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க. எனக்கு வந்துக்கிட்டு இருக்கு."

"என்னப்பா வருது?" என்றாள் மகள்.

"மெட்டு." மெட்டு முடிந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் திறந்தார், முகமெல்லாம் பூரிப்பு. "வாங்க வாங்க. மாப்ளே, நீங்களும் வாங்க. பரிசு கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், இப்பவே சொல்லிடறேன். போட்டியில ஜெயிச்சது நான்தான்! நீங்க ஒரு மாசமா தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தீங்களா, சரி, நாமளும் யோசிச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். நாலஞ்சு நாள் ஒண்ணும் வரல. போன திங்கட்கிழமை தலைக்குள்ள திடீர்னு, வாத்தியமெல்லாம் சேர்ந்து, பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி வந்துச்சு பாருங்க! நான் அப்படியே விசிலடிச்சு அனுப்பிட்டேன். இப்ப மறுபடியும் அதே மெட்டு வருது. ஆனா இந்தத் தடவை நடுவுல என்னமோ புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. புல்லாங்குழல். அது அவ்வளவு நல்லால்ல."

இசையமைப்பாளர் வாயைத் திறந்தார். துருவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டார்.

பெரியவரின் இரண்டு காதிலும் பயறு அளவில் காதுக்கருவிகள் இருந்தன. டிவிக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்தது. மச்சான் குனிந்து பார்த்தான்.

"அப்பா, இது ஏது?"

"டிவி மாட்ட வந்தவர் வெச்சது. டிவி சத்தத்தை ஒயர் இல்லாம நேரா என் காதுக்கே அனுப்பும். இது எங்க இருக்குன்னு போன்ல போடணும்னு கேட்டார். அப்போ டிவி கீழே இருந்துச்சா, ஹால்னு சொன்னேன். அப்புறம் சத்தம் ஜாஸ்தின்னு மாப்பிள்ளை டிவியை மேல ஏத்திட்டார். நானும் ஏறி வந்துட்டேன்."

"பேர் ஏறி வரல," என்றான் ஒத்து.

இரண்டாவது ஹால் கிடைத்துவிட்டது. அது பெரியவரின் காதுக்குள் இருந்தது. இழை குறைந்தாலும் தெரியும் என்று மார்தட்டிய மாப்பிள்ளை இரண்டு ஹாலைத் தட்டியிருக்கிறார். பாதிக் காது போன மாமனாருக்கு, அந்தப் பத்து விநாடி தவிர, மெட்டு ஒரு துளி சிந்தாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒத்துவுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் துருவி இன்னும் துருவி முடிக்கவில்லை. அவள் கண் அறை மூலையில் நின்றது. ஒரு சின்ன மைக்ரோவேவ் ஓவன், அதன் மேல் ஒரு மாத்திரை டப்பா, டப்பாவில் வேளை எழுதிய அறைகள். காலை, பதினொன்று, மாலை, இரவு.

"ஐயா, பதினோரு மணி மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க?"

"வெதுவெதுப்பான தண்ணியில. டம்ளரை இதுக்குள்ள வெச்சு, பத்து எண்ணி, கதவைத் திறந்துடுவேன். அதுவா நிக்கிற வரைக்கும் விட்டா கூவும். அது கூவினா இந்தக் கருவியில காது கிழிஞ்சுடும்."

"மெட்டை இன்னொரு தடவை போடுங்க. அந்த ஹாலுக்கு," என்றாள் துருவி இசையமைப்பாளரிடம்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "இதோ! மறுபடியும் வருது!" விரல் தாளம் போட ஆரம்பித்தது. துருவி ஒரு டம்ளர் தண்ணீரை ஓவனுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஓவன் உறுமியது.

தாளம் போட்ட விரல் நின்றது. "போச்சு."

பத்து எண்ணிக் கதவைத் திறந்தாள்.

"வந்துடுச்சு." பெரியவர் ஓவனைப் பார்த்தார், கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளை கையிலிருந்த போனைப் பார்த்தார். நாற்பது வருஷம் இருபத்திரண்டு பேர் கால்களை ஒரே நேரத்தில் கவனித்தவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஓவன் ஓடும்போது ஒயர் இல்லாம வர்றதெல்லாம் இடறும்பா," என்றான் மகன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ... அது எனக்கு வரலையா?"

மகன் அத்தான் கையிலிருந்த போனை வாங்கி மெட்டை நிறுத்தினான். ஒத்துவுக்குப் பாவமாக இருந்தது.

"எழுபத்திரண்டு வயசுல ஒண்ணு வந்துச்சேன்னு ரெண்டு நாள் தூங்கல சந்தோஷத்துல," என்றார் பெரியவர். பிறகு, "அது போகட்டும். நீங்க எல்லாரும் ஏன் இப்படி இருக்கீங்க? இவங்க யாரு?" என்று கேட்டார்.

பல் டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. "காலையிலேர்ந்து தம்பியைத் திருடன்னு சொல்லிக்கிட்டு இருக்கார்ப்பா. அஞ்சு மணிக்கு சங்கத்துக்கு லெட்டர் போகப் போகுது. நான் பெட்டியைத் தூக்கிட்டேன். உங்ககிட்டயும் வந்து சொன்னேன்."

"எப்போ?"

"ஒன்பது மணிக்கு. உங்க முன்னாடிதான் நின்னு கத்தினோம். நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க."

பெரியவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சண்டை மாதிரி தெரிஞ்சா கழட்டி டப்பாவுல போட்டுடுவேனேம்மா." மகனைப் பார்த்தார். "டேய், உன்னையா? என்னால உன்னையா திருடன்னு சொன்னாங்க?"

மகன் அப்பாவின் தோளில் கையை வைத்தான்.

பெரியவர் எழுந்தார். மேஜை டிராயரைத் திறந்தார். சுவர்க் கண்ணாடி முன்னால் போய் நிமிர்ந்து நின்று, தன் முகத்துக்கு எதிரே ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஆட்டக்காரரோட பந்தை எடுத்து நான் கோல் போட்டுட்டேன். ரெஃப்ரீ கோல் போடக்கூடாது. வெளியே!" என்று கண்ணாடிக்குள் இருந்தவரிடம் சொன்னார். பிறகு திரும்பினார். கையில் இப்போது எச்சரிக்கைக்குக் காட்டும் மஞ்சள் அட்டை இருந்தது. "மாப்ளே, இது உங்களுக்கு."

"எனக்கா? மெட்டைப் பறிகொடுத்தவன் நான் மாமா! நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

பெரியவர் ஒத்துவின் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார். ஒத்துவின் எழுத்து பெரிய எழுத்து, நாலடி தூரத்திலிருந்தே தெரியும்.

"'வீட்டில் யாருமே இல்லை,'" என்று படித்தார். "இதுக்கு."

அறையில் ஓவன் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இசையமைப்பாளர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கோபமெல்லாம் எங்கே போனதோ, பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றப்பட்ட முகமாக இருந்தது. மச்சானிடம், "மன்னிச்சுடுடா," என்றார். மொட்டையாகத்தான் சொன்னார், ஆனால் குரல் உடைந்தது.

"முதல்ல லெட்டரை அழிங்க அத்தான்."

"அதை நான் அழிச்சாச்சு," என்றாள் பல் டாக்டர் வாசலிலிருந்து. அதற்குள் கீழே போய்விட்டு வந்திருந்தாள். சூட்கேஸும் கூடவே வந்திருந்தது. மரியாதைக்காக ஒத்து அதை வாங்கப் போனான். ஒரு விரலில் தூக்க முடிந்தது.

"மேடம், காலியா இருக்கே?"

"போறதா இருந்தாத்தானே அடுக்கணும்," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விசிறிக் கம்பெனிக்குப் புதுக் கடிதத்தைத் துருவி சொல்லச் சொல்ல இசையமைப்பாளரே போனில் தட்டினார். 'மெட்டு நான் போட்டது. என் தவறால் அது என் மாமனார் காதில் விழுந்து, அவர் அதைத் தம்முடையது என்று நம்பி அனுப்பிவிட்டார்.' அங்கே நின்று, யோசித்து, சொல்லிக்கொடுக்காத ஒரு வரியை அவராகச் சேர்த்தார். 'நடுவில் வரும் பத்து விநாடி மௌனம் முழுக்க முழுக்க அவருடையது. எனக்கு அது தோன்றியிருக்காது.' பெரியவர் அதை மூன்று தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தார்.

மச்சான் செயலியில் இரண்டாவது ஹாலைத் தொட்டு, பெயர் மாற்றும் கட்டத்தைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் அத்தானிடம் நீட்டினான். அவர் வாங்கி 'மாமா' என்று எழுதினார். ஒத்துவும் தன் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு அதையே எழுதினான். கையெழுத்து இந்தத் தடவை நேராக வந்தது.

"முழுசா ஒரு தடவை கேளுங்க மாமா," என்றார் இசையமைப்பாளர் கெஞ்சலாக. "அந்தப் புல்லாங்குழல் எவ்வளவு அழகு தெரியுமா! ஒரு தடவை, எனக்காக."

"போடுங்க மாப்ளே," என்ற பெரியவர், திறந்து கிடந்த ஓவன் கதவைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மெட்டு கிளம்பியது. அவர்களுக்குக் கேட்கவில்லை, பெரியவரின் விரலில் மட்டும் தெரிந்தது. இசையமைப்பாளர் ஆசையோடு மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் நெருங்க நெருங்க, அவர் பார்க்காத பக்கத்தில், மாமனாரின் இன்னொரு கை மெதுவாக ஓவன் பொத்தானை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததை ஒத்து மட்டும் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வாயைத் திறக்கவில்லை.